அம்மாவுக்கு மதிப்பெண்

அம்மா இருக்கும் முதியோர் ஹோமில் போன மாதம் ஒரு ஃபார்ம் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பதினோரு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ‘குவாலிட்’ என்று பெயர், 2000இல் அமெரிக்காவில் வந்த அளவுகோல். டிமென்ஷியா என்கிற மறதி நோய் முற்றிப்போனவர்களுக்கென்றே உருவாக்கியது. அவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்பதால், கடந்த ஒரு வாரத்தில் நாம் கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். சிரிக்கிறாரா, அழுகிறாரா, முகம் சுளிக்கிறாரா, தொட்டால் பிடிக்கிறதா, ரசித்துச் சாப்பிடுகிறாரா. கூட்டுத்தொகை 11 என்றால் மிக நல்ல நிலை, 55 என்றால் மிக மோசம்.

முப்பது வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு எழுதியவள் நான். பத்தே நிமிஷத்தில் முடித்தேன். 38.

அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் பெண் அன்னூர்ப் பக்கம். அவள் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதிய இன்னொரு தாளில் 21 இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஹோமுக்கு நல்ல பெயர் வர வேண்டும் என்று குறைத்துப் போட்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். சரி, டேலி பார்த்துவிடலாம் என்று இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தோம்.

‘சிரிக்கிறாரா’வுக்கு நான் 5 போட்டிருந்தேன். சிரிப்பது அபூர்வம், அல்லது இல்லவே இல்லை என்று அர்த்தம். அவள் 3. “பல்லு வெளக்கி உடறப்ப தண்ணி தெறிச்சாச் சிரிக்குதுங்க்கா. தெனமும்.” அது காலை ஆறு மணிக்கு. நான் போவது ஞாயிறு பதினோரு மணிக்கு, குளித்துச் சாப்பிட்டு அம்மா கண்ணயரும் நேரம். வாரத்தில் மூன்று நாளாவது கணிசமான நேரம் கூட இருந்தவர்தான் இதை நிரப்ப வேண்டும் என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னார். அந்தக் கணக்கில் மகளுக்குத் தகுதியே இல்லை.

‘அமைதியாக இருக்கிறாரா?’ நான் 4. அம்மாவின் விரல்கள் நைட்டியின் ஓரத்தைப் பிடித்து மடித்துக்கொண்டே இருக்கும், அதைத் தவிப்பு என்று எடுத்துக்கொண்டேன். “அம்மிச்சி சேலைக்குக் கொசுவம் எடுக்குதுங்க்கா, நைட்டில வர மாட்டேங்குது” என்று சொல்லி ஒரு துண்டை எடுத்து மடியில் போட்டாள். ஐந்தாறு மடிப்பு. நீவிவிட்டு, கலைத்து, மறுபடி முதலிலிருந்து. அறுபது வருஷம் சேலை கட்டிய கை. டயப்பர் மாற்ற வசதி என்று நைட்டிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

பேச முடிகிறவர்கள் தங்களுக்கே போட்டுக்கொள்ளும் மதிப்பு, வீட்டார் போடுவதைவிட நன்றாகத்தான் இருக்கும், பல ஆய்வுகளில் பார்த்தது என்றார் நர்ஸ். என் 38 எப்படி வந்தது என்று அப்போது தெரிந்தது. ஃபார்ம் கேட்டது இந்த ஒரு வாரத்தை. நான் பழைய வருஷத்து இருப்பையெல்லாம் கொண்டுவந்து கழித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு வரியில் மட்டும் அவள் கணக்கு தப்பு. ‘வலியில் முகம் சுளிக்கிறாரா’ என்பதற்கு அவள் 1. அதற்கு முந்தின ஞாயிறு உடை மாற்ற நான் கூடமாட நின்றபோது, இடது கையை நுழைக்கையில் அம்மாவின் முகம் கோணியதைப் பார்த்திருந்தேன். “மாட்டறப்ப எப்பவும் அப்படித்தானுங்க்கா” என்றாள். தினமும் பார்த்துப் பழகிவிட்டது அவளுக்கு. நர்ஸ் வலியை அளக்கும் ‘பெயினாட்’ என்ற வேறொரு தாளை எடுத்துக்கொண்டு போனார். மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை. பத்துக்கு ஆறு. டாக்டர் வந்து தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது என்றார். இப்போது குளிப்பாட்ட அரை மணி முன்னால் பாராசிட்டமால். நைட்டியும் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி தைத்தாயிற்று.

துண்டு வேண்டாம் என்று வீட்டிலிருந்த நெகமம் சேலை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரை மணி நேரம் மடித்தார். என்னை யாரென்று தெரியவில்லை, அது தெரியாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அடுத்த ஃபார்ம் மூன்று மாதம் கழித்து. அதற்குள் வாரம் மூன்று நாள் போய்ப் பழக வேண்டும். பல் விளக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.