கைமாறி வரும் நோட்டு

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் 29சி பேருந்தில் நடத்துநராக இருந்த ஆண்டுகளில், கூட்ட நேரத்தில் என் கைக்கு வந்த பணத்தின் பெரும்பகுதி கொடுத்தவரின் கையிலிருந்து நேராக வந்ததில்லை. காலை எட்டரை மணிக்கு இருக்கையை விட்டு எழுந்தால் இரண்டடிக்கு மேல் நகர முடியாது. முன்பக்கம் ஏறியவர் 10 ரூபாயை நீட்டி "ஒரு அடையாறு" என்பார். அந்த நோட்டும் அந்த இரண்டு சொற்களும் ஐந்தாறு பேரைக் கடந்து என்னிடம் வந்து சேரும். சில்லறையைச் சீட்டுக்குள் மடித்துக் கொடுத்தால் அது வந்த வழியே திரும்பிப் போகும். இரு கையும் ஓய்வில்லாதவர், பையைப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் மடியில் வைத்துவிட்டாவது அதை வாங்கிக் கடத்துவார். ஓர் ஆண் பெண்ணிடம் தர நேர்ந்தால் நோட்டின் நுனியைப் பிடித்து நீட்டுவார், நாணயமென்றால் விரல் படாமல் உள்ளங்கையில் விடுவார்.

இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பேருந்துக்குள் எழுதி வைத்திருந்தவை வேறு: சரியான சில்லறை தர வேண்டும், படியில் பயணம் நொடியில் மரணம். அவற்றை மதித்தவர்கள் குறைவு. ஆனால், நான் தொண்டை வறளக் கத்தியும் படியை விட்டு மேலே ஏறாத கல்லூரி மாணவன்கூட, ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே, தன் பின்னால் நிற்பவரின் காசை வாங்கி உள்ளே நீட்டியதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எல்லோரும் நல்லவர்கள் என்பதால் மட்டும் இது நடந்ததாக நான் நினைக்கவில்லை. நீட்டிய நோட்டை வாங்க மறுப்பவர் அதற்கொரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்; வாங்கிக் கடத்துபவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. நாளை தன் நோட்டும் இப்படித்தான் போக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இந்த ஒழுங்குக்குள் வராத ஒருவர் இருந்தார். வேலை முடிந்து சீருடையோடு ஏறும் தூய்மைப் பணியாளர், ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. எவ்வளவு நெரிசலானாலும் நோட்டை யாரிடமும் கொடுக்காமல், உடலை ஒடுக்கிக்கொண்டு என் இருக்கை வரை வந்து, தானே சீட்டு வாங்கிப் போவார். கூட்டத்தைக் கலைக்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வரும். "கொடுத்து அனுப்பக் கூடாதாம்மா, யாரும் தின்றுவிட மாட்டார்கள்" என்று ஒருநாள் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். "பரவாயில்ல சார்" என்றார். மனிதர்களை நம்பாதவர் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அவர் அமர்ந்தால் பக்கத்து இருக்கை எத்தனை நிறுத்தம் காலியாகவே போகிறது என்பதை, தினமும் கண்ணெதிரே இருந்தும், நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் நிறுத்தப்பட்ட பேருந்துகள் செப்டம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, கைமாற்றுவது அடியோடு நின்றிருந்தது. ஒவ்வொருவரும் தன் நோட்டைத் தானே இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் தோளில் படாமல் ஒடுங்கி ஒதுங்கி என்னிடம் வந்தார்கள். முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த கண்களில், தன் கைப்பொருளை இன்னொருவர் தொடத் தயங்குவாரோ என்ற கூச்சமும் அச்சமும் இருந்தன. அந்த நடையையும் அந்தக் கூச்சத்தையும் நான் முன்பே பார்த்திருந்தேன். பேருந்து முழுவதற்கும் சில மாதங்களுக்கு நேர்ந்தது அந்த அம்மாவுக்கு எத்தனை ஆண்டுகளாக நேர்ந்துகொண்டிருந்ததோ என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் அவரிடம் சொன்ன சொல் இன்றும் எனக்கு வலிக்கிறது.

பழைய வழக்கம் திரும்பியதற்கு எந்தச் சுற்றறிக்கையும் காரணமில்லை. தீபாவளி நெருங்கிய வாரத்தில், புரசைவாக்கத்தில் இரு கையிலும் துணிப்பைகளோடு ஏறிய ஒருவர் நோட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு திண்டாடியபோது, அருகில் நின்ற இளைஞர் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து என் பக்கம் நீட்டினார். அடுத்த நிறுத்தத்தில் இன்னொருவர் நீட்டினார். ஒரு வாரத்தில் "ஒரு அடையாறு" என்ற குரல் மீண்டும் தலைகளுக்கு மேலே வரத் தொடங்கியது.

அதற்கும் சில வாரங்கள் கழித்து, நெரிசலில் அந்த அம்மா வழக்கம்போல் என்னை நோக்கி நகரத் தொடங்கினார். இடப்பக்க இருக்கையில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், "எங்க போற, நெரிசல்ல? இங்க குடு" என்று கையை நீட்டினார். அம்மா ஒரு கணம் தயங்கினார். பிறகு கொடுத்தார். நான்காக மடித்திருந்த அந்த நோட்டு நான்கு கைகள் மாறி என்னிடம் வந்தது. சீட்டும் சில்லறையும் அதே நான்கு கைகள் வழியாகத் திரும்பிப் போயின. பூக்கூடைக்காரப் பெண் சில்லறையை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சன்னலோரம் நகர்ந்து இடம் விட்டார்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்றான பிறகு அவர் நோட்டு நீட்டத் தேவையில்லாமல் போயிற்று. நின்ற இடத்திலிருந்தே இறங்கும் ஊரைச் சொல்வார், நான் சீட்டைக் கொடுத்தனுப்புவேன்.