ராக்ஸ்டிபியில் 1 எம்பி மதிப்புகள்: எழுதும் வேகம் ஏன் விழுகிறது?

ராக்ஸ்டிபி என்பது கீ (பெயர்), அதற்கான மதிப்பு (தரவு) என்று ஜோடியாகச் சேமிக்கும் தரவுத்தளம். 100 பைட் மதிப்புகளுக்கு ஜோராக ஓடும் அது, 1 எம்பி படங்களைப் போட ஆரம்பித்ததும் திணறும். டிஸ்கை மாற்றும் முன் அதன் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள். ‘ஸ்டாலிங் ரைட்ஸ்’ என்ற வரி லெவல் 0 (புதிய ஃபைல்கள் வந்து இறங்கும் முதல் அடுக்கு) ஃபைல்களைக் காட்டினால், கம்பாக்ஷன், அதாவது ஃபைல்களை ஒன்றுசேர்த்து அடுத்த லெவலுக்கு நகர்த்தும் வேலை, பின்தங்கிவிட்டது.

எழுதுபவை முதலில் சேரும் நினைவகப் பகுதியான மெம்டேபிள், டிஃபால்ட்டாக 64 எம்பி. அறுபது சொச்சம் படங்களிலேயே அது நிரம்பி, லெவல் 0-இல் ஒரு ஃபைலாக இறங்கும். 4 ஃபைல் சேர்ந்தால் கம்பாக்ஷன் தொடங்கும். 20 குவிந்தால் எழுதுவது மெதுவாக்கப்படும். 36-இல் அடியோடு நிற்கும். கம்பாக்ஷனுக்கு வேண்டியது கீகளின் வரிசை மட்டுமே. ஆனால் 20 பைட் கீயை நகர்த்த, அதோடு ஒட்டியிருக்கும் 1 எம்பியையும் லெவலுக்கு லெவல் படித்துத் திரும்ப எழுதுகிறது. மெம்டேபிளைப் பெரிதாக்கினால் நெரிசல் தள்ளித்தான் போகும்.

மதிப்பைத் தனி ஃபைலில் வைத்து, கீயோடு அதன் முகவரியை மட்டும் வைப்பதே சரியான வழி. ராக்ஸ்டிபியிலேயே இருக்கும் பிளாப்டிபி அதைத்தான் செய்கிறது. அதை இயக்கும்போது குறைந்தபட்ச பிளாப் அளவையும் (எவ்வளவு பெரிய மதிப்பிலிருந்து வெளியே வைக்க வேண்டும் என்பது) கட்டாயம் கொடுங்கள். டிஃபால்ட் 0 என்பதால், விட்டுவிட்டால் 10 பைட் மதிப்பும் வெளியே போய், ஒவ்வொரு படிப்புக்கும் கூடுதலாக ஒரு டிஸ்க் தேடல் ஆகும். 4 கேபியில் தொடங்கி அளந்து பார்க்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது குப்பை சேகரிப்பில், அதாவது அழிந்த மதிப்புகளின் இடத்தை மீட்பதில். டிஃபால்ட்டாக அது அணைந்திருக்கும்; ஒரு பிளாப் ஃபைலில் உள்ள எல்லா மதிப்பும் செத்தால்தான் அந்த ஃபைல் அழியும். இயக்கினாலும், இருப்பதிலேயே பழைய 25 சதவீத ஃபைல்களையே தொடும். அடிக்கடி மாறும் தரவென்றால் அந்த வரம்பை 0.5 வரை ஏற்றலாம். மறுஎழுத்து அதற்கேற்பக் கூடும்.

ஏற்கெனவே உள்ள தரவு தானாக உடனே இடம் மாறாது. கையால் முழு கம்பாக்ஷன் ஓட்டும்போது கடைசி லெவலையும் கட்டாயப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அந்த லெவல் அப்படியே கிடக்கும். பட்டியலுக்காக வரிசையாக ஓடும் ஸ்கேன் ஒவ்வொரு பிளாபையும் இழுத்து வராதபடி, பெயர், அளவு போன்றவற்றைத் தனி காலம் ஃபேமிலியில் (column family, ஒரே தரவுத்தளத்துக்குள் தனியாகப் பிரித்த பகுதி) வையுங்கள்.

எல்எம்டிபி என்ற இன்னொரு கீ-மதிப்பு தரவுத்தளத்தில் சிக்கலே வேறு. அங்கே கம்பாக்ஷன் கிடையாது. ஆனால் 4 கேபி பக்கங்களில் 1 எம்பி மதிப்புக்கு, ஹெட்டரையும் சேர்த்து, 257 பக்கங்கள் அடுத்தடுத்துக் காலியாக வேண்டும். துண்டு துண்டாக எவ்வளவு இடம் இருந்தாலும் பயனில்லை, ஃபைல் வளரும். மூடாமல் விட்ட ஒரே ஒரு ரீட் டிரான்ஸாக்ஷன் (படிக்கத் திறந்த அமர்வு) போதும், அதற்குப் பின் விடுவிக்கப்பட்ட பக்கங்கள் எதையும் அது மூடும் வரை மறுபடி பயன்படுத்த முடியாது.