கழற்றினால் சத்தம் நிற்கும், அப்புறம்?

அம்பத்தூர் பக்கம் ஒரு கார் ஒர்க்ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து சென்னைச் சாலைகள் குண்டும் குழியுமாகக் கிடக்கும் மாதங்களில் எங்களிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி சத்தம் பற்றியவை. "கீழே ஏதோ லொடலொடங்குது சார்" என்று ஆரம்பிப்பார்கள். லிப்டில் ஏற்றிப் பார்த்தால் சில வண்டிகளில் காரணம் கண்ணுக்கே தெரியும். அடிப்பாகத்தில் குறுக்காகப் போகும் இரும்புப் பட்டை, நாங்கள் பிரேஸ் என்போம், கையால் தட்டினாலே ஆடும். உடனே அடுத்த கேள்வி வரும். "அதைக் கழட்டிப் போட்டுடலாமே, என்ன ஆகப்போகுது?"

எல்லா வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது. எந்த பிரேஸ், எங்கே இருக்கிறது, வேறு எதையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் அது ஏன் ஆடுகிறது என்று கண்டுபிடிக்காமல் கழற்றுவதற்கு நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

பொலேரோ, ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளுக்கு அடியில் ஏணி மாதிரி தனியாக ஒரு சேசிஸ் உண்டு. நம் ஊரில் ஓடும் சின்ன கார்களுக்கும் செடான்களுக்கும் அது கிடையாது. தகடுகளை வளைத்து, மடித்து, வெல்டிங் செய்து உண்டாக்கிய பாடியேதான் சேசிஸ் வேலையையும் செய்கிறது. அந்தப் பாடியின் நடுவில், சைலன்சர் குழாய் போவதற்காக, கவிழ்த்த பள்ளம் போல நீளமாக ஒரு வழி விட்டிருப்பார்கள். அதன் அடிப்பக்கம் திறந்திருக்கும். மூடி இல்லாத அட்டைப்பெட்டியை இரு கையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், சுலபமாகத் திருகும். மூடியை ஒட்டிவிட்டால் திருகாது. அந்தத் திறந்த பக்கத்தைக் குறுக்கே இணைத்துப் பிடிப்பதுதான் நடு பிரேஸின் வேலை. கூரையில்லாத கார்களில் மேலே பிடிக்க எதுவும் இல்லாததால் அடியில் இப்படிப்பட்ட பட்டைகள் கூடுதலாக இருக்கும், அவற்றில் கை வைக்கவே கூடாது.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்ய வேண்டும். பிரேஸ் மேல் பழி விழும் பல வண்டிகளில் உண்மையான காரணம் சைலன்சர் மேலிருக்கும் ஹீட் ஷீல்ட், அந்த மெல்லிய தகடுதான். வண்டி நின்றபடி ஐடிலிங்கில் ஓடும்போதே சிலுசிலுவென்று கேட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஹீட் ஷீல்டாக இருக்கும். அதன் போல்ட் ஓட்டை துருப்பிடித்துப் பெரிதாகியிருக்கும், அகலமான வாஷர் ஒன்று போட்டால் தீர்ந்துவிடும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போதோ, சாய்வாக ராம்ப் ஏறும்போதோ கடக் என்று கேட்டால் பாடி முறுக்கப்படும்போது எழும் சத்தம் அது, பிரேஸைச் சந்தேகப்படலாம். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஒவ்வொரு பட்டையையும் ரப்பர் சுத்தியலால் தட்டி, கையால் அழுத்திப் பிடித்துப் பார்ப்போம். அவசரப்பட்டுச் சூடான சைலன்சர் பக்கம் கை கொண்டுபோகக் கூடாது.

பிரேஸ்தான் என்று தெரிந்துவிட்டால், ஏன் என்று தேட வேண்டும். இந்த ஊரில் எனக்குத் தெரிந்து மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று ஸ்பீட் பிரேக்கர். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) அமைப்பின் விதிப்படி அதன் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். நம் தெருக்களில் பலது அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது, குறுகலாகவும் செங்குத்தாகவும் போட்டிருப்பார்கள். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான் என்று போகும் கார் அதில் இடிக்காமல் தப்பினால் அதிசயம். அடுத்தது உப்புக்காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் பக்கத்து வண்டிகளை அடியில் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். கடைசியாக வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளில், எஞ்சினையும் சீட்டையும் சரிசெய்ததோடு வேலை முடிந்ததாக நினைத்துவிட்டார்கள். அடியில் பட்டைக்கும் பாடிக்கும் இடையில் புகுந்த சேறு அப்படியே ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. போல்ட் சும்மா தளர்ந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. போல்ட் இறுக்கமாக இருந்தும் பட்டை ஆடினால், அது மாட்டியிருக்கும் தகடே கிழிந்திருக்கலாம், வெல்டிங் விட்டிருக்கலாம். பட்டையைக் கழற்றினால் சத்தம் நிற்கும். கிழிசல் அதன் போக்கில் நீண்டுகொண்டிருக்கும்.

திருவான்மியூரில் இருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் செடான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். ஸ்டீயரிங் நேராக நிற்பதில்லை, முன் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்கிறது என்று கொண்டுவந்தார். அலைன்மென்ட் வேறொரு இடத்தில் செய்து, சில வாரத்தில் மறுபடி கலைந்திருந்தது. எங்கள் டெக்னீஷியன் லிப்டுக்கு அடியில் போய்ச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இங்க ஒரு பட்டை இருக்கணுமே" என்றார். முன் சப்ஃப்ரேமின், அதாவது முன்சக்கரங்களைத் தாங்கும் பாகங்கள் மாட்டியிருக்கும் சட்டத்தின், பின்முனைகளை பாடியோடு இணைக்கும் பிரேஸ் அங்கே இல்லை. கேட்டபோது ஆசிரியர் சொன்னார்: "சத்தம் வருதுன்னு முன்னாடி ஒருத்தர் எடுத்துட்டார் தம்பி. அதுக்கப்புறம் நல்லாத்தான் ஓடுச்சு."

பட்டையை எடுத்தவர் அதே பழைய போல்ட்களைத் திருப்பி முடுக்கியிருந்தார். சிக்கல் அங்கேதான். அந்த போல்ட் பட்டையின் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் செய்த நீளம். நடுவில் சில மில்லிமீட்டர் கனம் குறைந்தால், சப்ஃப்ரேமை முழுதாக இறுக்குவதற்கு முன்பே போல்ட்டின் மரை முடிந்து நின்றுவிடும். ஸ்பேனருக்கு டைட்டாகத்தான் தெரியும். எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச்கூட கிளிக் என்று சொல்லிவிடும். உள்ளே சப்ஃப்ரேம் நூலிழை அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் அந்தச் சப்ஃப்ரேமில்தான் மாட்டியிருக்கிறது, அதனால் சக்கரத்தின் கோணமும் கூடவே நகரும். புதுப் பட்டையும் புது போல்ட்டும் வரவழைத்துப் போட்ட பிறகு அலைன்மென்ட் நின்றது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அந்த முன்சக்கரம் இப்படி இருந்திருக்கிறதே என்று நினைத்து எனக்கு மனசு பதறியது.

"பேஸ் மாடலில் இந்தப் பட்டையே இல்லையே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே காரின் விலை குறைந்த வகையில் சில பிரேஸ்கள் இல்லாமல் வருவது உண்டுதான். அப்படியானால் அந்தக் குறிப்பிட்ட பட்டை ஸ்டீயரிங் துல்லியத்துக்கும் அதிர்வைக் குறைக்கவும் போட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட்ஸ் கேட்டலாக்கில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த வகையில் எஞ்சின் எடை, ஸ்பிரிங், டயர் எல்லாம் வேறாக இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதோடு, பட்டையில் சைலன்சர் ஹேங்கரோ, ஹேண்ட் பிரேக் கேபிளோ, பிரேக் பைப் கிளிப்போ தொங்குகிறதா என்பதும் முக்கியம். பட்டையை எடுத்த போல்ட் ஓட்டைகளைத் திறந்தபடி விட்டுவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே போய் பாடி உள்ளிருந்து துருப்பிடிக்கும், அதை வெளியில் தெரியும்போதுதான் கண்டுபிடிப்போம்.

மோதலில் என்ன ஆகும்? கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் இந்தியக் கார்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்க்க ஆரம்பித்தபோதுதான் பாடி நிலையாக நிற்கிறதா, குலைகிறதா என்று நம்மில் பலர் பேசத் தொடங்கினோம். 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கான பாரத் என்கேப்பும் வந்துவிட்டது. ஷோரூமில் எல்லோரும் எத்தனை ஸ்டார் என்று கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். அந்த ஸ்டார், எல்லாப் பட்டையும் எல்லா போல்ட்டும் இடத்தில் இருந்த காருக்குக் கொடுத்தது.

உடனே கழற்ற வேண்டிய சந்தர்ப்பமும் இருக்கிறது. ஒரு முனை முறிந்து தொங்கினால் தாமதிக்கக் கூடாது. ரோட்டில் குத்தி நின்று பிரேக் பைப்பையோ பெட்ரோல் டேங்கையோ கிழித்துவிடும். அதை எடுத்துவிட்டு மெதுவாக ஒர்க்ஷாப் வரை ஓட்டிவரலாம், முன் சப்ஃப்ரேம் பட்டையாக இருந்தால் இழுவை வண்டியில்தான் கொண்டுவர வேண்டும். சத்தத்தை அடக்க, பழைய டியூபை வெட்டிச் சைலன்சர் பக்கம் அடைத்து ஓட்டிவருகிறவர்களும் உண்டு. பல நூறு டிகிரி சூட்டில் ரப்பர் கருகும், தீப்பிடிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

பார்ட் வர நாளாகும் என்று பட்டை இல்லாமல் வண்டியைக் கொடுக்க நேர்ந்தால், ஜாப் கார்டில் அதைத் தமிழில் பெரிதாக எழுதி, உரிமையாளரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். பில்லிலும் அதே வரி போகும். கழற்றிய பட்டையை போல்ட்டோடு பையில் கட்டி டிக்கியில் வைத்துவிடுவோம். நாளைக்கு அந்தக் காரை விற்றால், வாங்குகிறவர் குனிந்து அடியில் பார்க்கப்போவதில்லை, பார்த்தாலும் இல்லாத ஒன்று கண்ணில் படாது. பில்லில் இருந்தால் ஒருவேளை கேட்பார்.

புதுப் பட்டை மாட்டும்போது வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்படி வைத்துத்தான் கடைசி முடுக்கு. இரண்டு தூண் லிப்டில் தொங்கும் பாடி லேசாக வளைந்திருக்கும், அந்த நிலையில் இறுக்கினால் கீழே இறக்கியதும் மறுபடி சத்தம் வரும். போல்ட் தலையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுவோம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லி, கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறோம். அதற்குக் காசு வாங்குவதில்லை.