சர்வே என்பது டிசைன் அல்ல

'உங்கள் ஆய்வு வடிவமைப்பு என்ன?' என்று கேட்டால், பாதிப் பேர் 'சர்வே' என்பார்கள், மீதிப் பேர் 'டி-டெஸ்ட்' என்பார்கள். முதலாவது தரவு திரட்டும் வழி, இரண்டாவது கணக்கு. டிசைனைத் தீர்மானிப்பவை இரண்டே கேள்விகள். மாற்றத்தை நீங்களே புகுத்துகிறீர்களா, இருப்பதை அளக்கிறீர்களா? புகுத்துவதானால், யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதை எது முடிவு செய்கிறது?

எதையும் மாற்றாமல் 'எத்தனை பேர், எவ்வளவு' என்று மட்டும் அளந்தால் அது விவரண ஆய்வு. இதன் உயிர் மாதிரியில் இருக்கிறது. 95 சதவீத நம்பிக்கையும் 5 சதவீதப் பிழை வரம்பும் போதுமென்றால், எவ்வளவு பெரிய மக்கள்தொகைக்கும் 385 பேர் போதும். ஆனால் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல எடுத்த 385 பேர். அப்படி எடுக்காவிட்டால் எண்ணிக்கை காப்பாற்றாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில் அட்டைகள் வந்து குவிந்தன. அதை நம்பி லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார்.

இரண்டு மாறிகள் சேர்ந்து நகர்கின்றனவா என்று பார்ப்பது ஒட்டுறவு ஆய்வு. கெழு (அந்த உறவு எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்) 0.3 அளவில் இருக்கும் என்று எதிர்பார்த்தால் சுமார் 85 பேர் தேவை. நல்ல மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் சேர்த்தால் வீச்சு குறுகி, கெழுவும் சுருங்கிவிடும். இன்னொன்று: இந்த டிசைனை வைத்துக்கொண்டு தலைப்பில் 'தாக்கம்' என்று எழுதாதீர்கள், 'தொடர்பு' என்று எழுதுங்கள். புகைப்பவர், புகைக்காதவர் என ஏற்கெனவே பிரிந்திருப்பவர்களை ஒப்பிடும் பின்னோக்கு ஆய்வுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அதிகம் சறுக்குவது அரைச்சோதனையில்தான், அதாவது மாற்றத்தைப் புகுத்தினாலும் குழுக்களைச் சமவாய்ப்பில் பிரிக்காத ஆய்வில். ஒரு வகுப்புக்குப் புதிய பாடமுறை, பக்கத்து வகுப்புக்குப் பழையது. பின்தேர்வை மட்டும் ஒப்பிட்டால் பயனில்லை, இரண்டு வகுப்புகளும் முதலிலேயே வேறுபட்டிருக்கலாம். முன்தேர்வு வைத்து, ஏற்றத்தை ஒப்பிட வேண்டும். அப்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. முன்தேர்வில் கடைசியாக வந்தவர்களைப் பொறுக்கிப் பயிற்சி கொடுத்தால், பயிற்சி வீணாகவே இருந்தாலும் அடுத்த தேர்வில் அவர்களின் சராசரி ஏறும். முதல் தேர்வில் சிலரைக் கீழே தள்ளியது அன்றைய துரதிர்ஷ்டம். அது மறுமுறையும் அப்படியே வராது. அதே கடைநிலையிலிருந்து பயிற்சி பெறாத ஒரு குழுவையும் வைத்தால்தான் இந்தப் பொய் ஏற்றம் பிடிபடும். வகுப்புக்கு 30 பேர் என்பதால் 60 தனி நபர்கள் என்றும் கணக்கிட முடியாது. ஆசிரியர் முதல் நேரம் வரை ஒரு வகுப்புக்குள் எல்லாமே பொது.

முழுச் சோதனையில் குழுவைத் தீர்மானிப்பது சமவாய்ப்பு. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரிப்பது சமவாய்ப்பு ஆகாது. அடுத்தவர் எந்தக் குழு என்பது சேர்ப்பவருக்கு முன்பே தெரிந்துவிடும், ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் ஒருபக்கம் சாயும். 1948-இல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்ச் சோதனையில் ஒதுக்கீட்டை மூடிய உறைகளில் வைத்தது இதனால்தான். மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் ஆறு மாதத்தில் இறந்தனர்.

நடுத்தர விளைவை (குழுச் சராசரிகளின் வேறுபாடு 0.5 திட்ட விலக்கம்; திட்ட விலக்கம் என்பது மதிப்புகள் சிதறியிருக்கும் அளவு) 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, 5 சதவீத மிகைகாண் நிலையில் (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) குழுவுக்கு 64 பேர் வேண்டும். 15 சதவீதம் பேர் இடையில் விலகுவார்கள் என்றால் 76 பேரோடு தொடங்குங்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களையும், முடிந்தவரை அளந்து, முதலில் ஒதுக்கிய குழுவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள்.