கிளான் வேலையைப் பிரித்துக் கொடுத்த ஆறு வாரம்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற மொபைல் கேமில் எங்கள் கிளானுக்கு (சேர்ந்து விளையாடும் குழு) நான்தான் லீடர். 50 பேர் வரை சேரலாம். அப்போது 31 பேர் இருந்தோம். வாருக்கு (இன்னொரு கிளானோடு நடக்கும் சண்டை) எதிரணியைத் தேடுவது, ஒவ்வொருவர் கேஸிலிலும் (பேஸைக் காக்க மற்றவர்கள் கொடுக்கும் படை இருக்கும் கோட்டை) படை நிரப்புவது, அட்டாக் போடாதவர்களைக் கூப்பிடுவது எல்லாம் என் தலையில்தான். ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் போய்விட்டு வந்து பார்த்தால், அந்த வாரம் ஒரு வார்கூட நடக்கவில்லை. ஏழு பேர் வேறு கிளானுக்குப் போயிருந்தார்கள். வேலையைப் பிரித்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

முதலில், எங்களில் நன்றாக அட்டாக் போடுகிறவரை கோ-லீடர் (லீடருக்கு அடுத்த பதவி) ஆக்கினேன். தவறு. கோ-லீடரால் தனக்குக் கீழே இருக்கும் எல்டரையும் மெம்பரையும் கிக் செய்ய முடியும். அட்டாக்கைத் தவறவிட்டார்கள் என்று இரண்டாம் நாளே நான்கு பேரை வெளியேற்றிவிட்டார். அதில் ஒரு தம்பிக்கு அன்று செமஸ்டர் தேர்வு. வாருக்கு வரவில்லை என்று கேமில் காட்டும் சிவப்பு அடையாளத்தைப் போட மறந்திருக்கிறான், அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி மூன்று பேரைத் திரும்பக் கூட்டி வந்தேன். அந்தப் பதவியையும் எடுத்துவிட்டேன். மனசு சங்கடப்பட்டாலும் வேறு வழியில்லை.

அதற்கப்புறம் வேலையை முதலில் கொடுத்தேன். பதவியை ஒரு மாதம் கழித்துத்தான்.

பெரிய மாற்றம் நேரத்தில்தான் வந்தது. வாரில் தயாரிப்பு நாள் 23 மணி நேரம், சண்டை நாள் 24 மணி நேரம். நான் வேலைக்குக் கிளம்பும் முன் காலை 7 மணிக்குத் தேடுவேன். அப்படியென்றால் வார் முடிவது மறுநாளைக்கு மறுநாள் காலை 6 மணிக்கு. எல்லோரும் தூங்கும் நேரம். வாரில் ஆளுக்கு இருக்கும் இரண்டு அட்டாக்கில் இரண்டாவது பாதிப் பேருக்கு வீணாகப் போனதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கிளானில் துபாயில் இருக்கும் ஓர் அண்ணன்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். இப்போது அவரே நம் ஊர் நேரம் இரவு 11 மணிக்குத் தேடுகிறார். வார் 10 மணிக்கு முடிகிறது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் போனைக் கையில் எடுக்கிற நேரம்.

கேஸில் நிரப்புவது ஈரோட்டு அக்கா. தயாரிப்பு நாளிலேயே வாரில் இறங்கும் எங்கள் 15 பேருடையதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். போன மாதம்வரை யாரோ லெவல் குறைந்த ஆர்ச்சர்களை (வில்லாளிகள்) போட்டு இடத்தை அடைத்துவிடுவார்கள். எதிரி ஒரே ஸ்பெல்லில் (மந்திரம்) துடைத்துவிட்டுப் போவான். இப்போது அவர் சொல்லாமல் யாரும் டொனேட் செய்வதில்லை.

எதிரியின் எந்த பேஸை (ஒவ்வொருவரும் கட்டி வைத்திருக்கும் ஊர்) யார் அடிப்பது என்று குறித்து வைப்பது அந்தத் தேர்வுத் தம்பி. கிடைக்கக்கூடிய மூன்று ஸ்டாரும் ஏற்கெனவே எடுத்த பேஸை இன்னொருவர் அடித்தால் அந்த அட்டாக் எதற்கும் உதவாது. அவன் பொறுப்பெடுத்த பிறகு அப்படி ஒன்றுகூட நடக்கவில்லை.

போன வாரில் 30 அட்டாக்கில் 29 போட்டுவிட்டோம். ஸ்டார் இரு பக்கமும் சமம். சேதச் சதவீதத்தில் ஜெயித்தோம். கடைசி ஒரு மணி நேரம் நான் பஸ்ஸில் இருந்தேன், சிக்னல் இல்லை. இறங்கியதும் வாட்ஸ்அப்பில் தம்பி அனுப்பியது: “அண்ணா, முடிஞ்சிருச்சு, ஜெயிச்சுட்டோம்.”

அடுத்து வார் லீக், அதாவது மாதம் ஒருமுறை கிளான்களுக்குள் நடக்கும் தொடர் போட்டி. ஏழு நாள், நாளுக்கு ஆளுக்கு ஒரே அட்டாக். சிலருக்கு மட்டும் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் மெடல் யாருக்கு என்பதில்தான் ஒவ்வொரு மாதமும் வருத்தம் வருகிறது. இந்த முறை அக்காவும் தம்பியும் சேர்ந்து பட்டியல் போடட்டும் என்று விட்டிருக்கிறேன்.