74,000 கட்டியும் 1,206 ரூபாயில் சிக்கிய கதை

வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில் மேலாளர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண், 671. "750 இல்லாம மேல அனுப்பவே முடியாது சார்" என்றார். கிரெடிட் கார்டு வாங்கிய நாளிலிருந்து ஒரு மாதம்கூடத் தேதி தவறியதில்லையே என்று வாதாடிப் பார்த்தேன். தவறவில்லைதான். ஆனால் கட்டியதெல்லாம் மினிமம் டியூ, பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும். இரண்டு கார்டுக்கும் சேர்த்து லிமிட் 1,30,000, பாக்கி 1,15,000. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பார்கள். நான் 88-இல் நின்றிருக்கிறேன்.

பெரிய கார்டில் 74,000 பாக்கி. மாத வட்டி 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மினிமம் என்று 3,700 கட்டினால் மூவாயிரத்துக்கு மேல் வட்டிக்கே போய்விடும். கணக்கைக் காட்டியதும் மனைவி ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து இரண்டு பவுன் செயினை எடுத்து நீட்டினாள். நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி பத்து சதவீதத்தை ஒட்டி, கார்டுக்கு 42. அடகு வைத்தது அரை மணி நேர வேலை.

கஸ்டமர் கேரில் கேட்டேன். "74,000 கட்டிட்டா ஜீரோ சார்." கட்டினேன், ஆப்பிலும் பூஜ்யம் காட்டியது. செயின் இருந்த டப்பாவிலேயே கார்டைப் போட்டுப் பூட்டினேன். அடுத்த முறை பார்த்தபோது ஸ்கோர் 719.

அதற்கடுத்த முறை 684!

பில் போட்ட நாளிலிருந்து நான் பணம் கட்டிய நாள் வரை 12 நாள் வட்டி ஓடியிருக்கிறது. அது அடுத்த பில்லில்தான் வரும். ஜிஎஸ்டியோடு 1,206 ரூபாய். பில் போனதோ நான் எப்போதோ விட்டுவந்த கம்பெனியின் மின்னஞ்சலுக்கு. எஸ்எம்எஸ் வரத்தான் செய்தது. தினமும் வரும் லோன் விளம்பரங்களோடு அதையும் தள்ளிவிட்டிருக்கிறேன். சிபில் ரிப்போர்ட்டில் மாதவாரியாக 000, 000 என்று போகும் வரிசையில் ஒரே ஒரு கட்டத்தில் 023. அதாவது 23 நாள் தாமதம்.

அன்றே கட்டிவிட்டு, அரை நாள் லீவு போட்டு, கார்டு கொடுத்த வங்கியின் கிளைக்குப் போனேன். "கார்டு டிபார்ட்மெண்ட் வேற சார், எங்களுக்கு அதுல லாகினே கிடையாது." டோக்கன் போட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததற்கு இதுதான் பதில். கார்டு விஷயத்துக்குக் கிளைக்கு அலையாதீர்கள். மின்னஞ்சலில் எழுதி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரிப்போர்ட்டில் தவறு என்று சிபிலிலேயே புகார் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் வங்கி ஒப்புக்கொள்ளாமல் அவர்களாக எதையும் மாற்ற மாட்டார்கள். அதுவும் 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு. எனக்கு 26ஆம் நாள் பதில் வந்தது, அந்த நூறும் இல்லை! தாமதக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள். 023 அப்படியே நிற்கும், தாமதம் உண்மைதானே என்று எழுதியிருந்தார்கள். என்ன சொல்ல?

சின்னக் கார்டின் 41,000-ஐ நான்கு மாதத்தில் அடைத்தேன். அதில் ஒன்று கற்றுக்கொண்டேன். கடைசித் தேதி வரை காத்திருக்காமல், பில் போடும் தேதிக்கு முன்பே கட்டினால் பில்லில் தொகை சின்னதாக விழும். பெரும்பாலும் அந்தத் தொகைதான் ரிப்போர்ட்டுக்குப் போகிறது. இரண்டு கார்டையும் வெட்டிப் போடச் சொன்னாள் மனைவி. பழைய கார்டை மூடினால் மொத்த லிமிட் குறைந்து சதவீதம் ஏறிவிடும் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. இப்போது கார்டு அவள் கைப்பையில்.

போன மாதம் 757. அதே மேலாளர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்து 023-இல் விரல் வைத்தார். "இது என்ன சார்?"

"1,206 ரூபாய்" என்றேன். விளக்கக் கடிதம் ஒன்று எழுதித் தரச் சொல்லி வெள்ளைத் தாளை நீட்டினார்.