தலைப்பிரட்டைகளுக்கு முதலில் நீர், பிறகுதான் உணவு

குட்டையிலிருந்து தலைப்பிரட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, இவற்றுக்கு என்ன உணவு கொடுக்கலாம் என்பதுதான். அக்கறையிலிருந்து எழும் கேள்வி அது. ஆனால் நான் பார்த்தவரையில், வீட்டில் வளரும் தலைப்பிரட்டைகள் பசியால் சாவது அரிது. நாம் அன்போடு அள்ளிப்போடும் உணவு மிஞ்சி, அடியில் படிந்து, அழுகி, நீரைக் கெடுப்பதால் சாவதே அதிகம். ஆகவே உணவைப் பற்றிச் சொல்வதற்கு முன் நீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தலைப்பிரட்டை தன் உடலின் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. குளத்தில் அது பரந்த நீரில் கரைந்து, நுண்ணுயிரிகளால் வேறு பொருளாக மாற்றப்பட்டு, செடிகளுக்கும் பாசிக்கும் உணவாகிவிடும். ஒரு தொட்டியின் சிறிய அளவு நீரில் அதற்கு வழியில்லை. அழுகும் உணவும் அதே அம்மோனியாவைத்தான் உண்டாக்குகிறது. நீர் வெப்பமடையும்போதும், அதன் காரத்தன்மை கூடும்போதும் அம்மோனியாவின் நச்சுத்தன்மை உயர்கிறது. காலையில் நன்றாக நீந்திக்கொண்டிருந்தவை கடும் வெயில் நாளின் மாலையில் செத்து மிதப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாற்றம் வரும்வரை காத்திருந்தால் அது காலம் கடந்த எச்சரிக்கையாகவே இருக்கும்.

எனவே எடுத்துவரும்போதே குறைவாக எடுத்துவர வேண்டும். பல நாடுகளில் தவளை முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் காட்டிலிருந்து எடுப்பதற்குச் சட்டத் தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது. சில இனங்களைத் தொடவே கூடாது. அதை முன்கூட்டியே அறிந்துகொள்வது எடுப்பவரின் கடமை. அனுமதி இருந்தாலும், நன்கு வளர்ந்த தலைப்பிரட்டை ஒன்றுக்கு ஒரு லிட்டர் நீராவது இருக்குமாறு கணக்கிட்டு, அந்தக் கணக்குக்குள் அடங்குவதை மட்டும் எடுப்பதே முறை. நெருக்கடியில் வளர்பவை மெதுவாக வளர்கின்றன, ஒன்றின் வாலை மற்றொன்று கடிக்கின்றன, பலவீனமானவற்றைத் தின்றும்விடுகின்றன. பாத்திரம் ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது. காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைவது மேற்பரப்பின் வழியேதான். செம்புப் பாத்திரத்தை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. நம் உடலுக்குக் கேடு செய்யாத மிகக் குறைந்த அளவு செம்புகூடத் தலைப்பிரட்டைகளுக்கு நஞ்சு.

குளத்து நீரையே தொடக்கத்தில் பயன்படுத்துவது எளிது. ஆனால் நீரோடும் செடியோடும் வேண்டாத விருந்தாளிகள் வந்து சேர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும். தும்பியின் இளம்பூச்சி நீருக்கடியில் அசையாமல் காத்திருந்து, மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை நொடியில் நீட்டி இரையைப் பிடிக்கும். நீர் வண்டின் புழுவும் இதற்குச் சளைத்ததன்று. இவற்றில் ஒன்று தொட்டிக்குள் வந்துவிட்டால், எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைவதற்குக் காரணம் தெரியாமல் நாம் நீரையும் உணவையும் சந்தேகித்துக்கொண்டிருப்போம். ஆகவே செடியை வெள்ளைத் தட்டில் விரித்து, இலை இலையாகப் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும்.

குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால், திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தால் அது காற்றில் கலந்துபோகும். சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோராமின் சேர்க்கிறார்கள். அது அப்படி எளிதில் வெளியேறாது. அதற்கு, மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும், குளோரினை நீக்கும் திரவம் தேவை. நம் பகுதி நீரில் சேர்க்கப்படுவது எது என்று நீர் வழங்குபவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நீரை மாற்றும்போது முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பக் கூடாது. கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ எடுத்துவிட்டு, அதே வெப்பநிலையில் உள்ள நீரை மெதுவாகச் சேர்க்க வேண்டும். சுவரிலும் கல்லிலும் வழவழப்பாகப் படிந்திருக்கும் மெல்லிய படலத்தைத் தேய்த்துக் கழுவும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிரிகள் அங்கேதான் குடியிருக்கின்றன, தலைப்பிரட்டைகள் மேய்வதும் அதையேதான். கையில் சோப்போ, பூச்சு எண்ணெயோ, கொசு விரட்டியோ ஒட்டியிருக்கும்போது நீரில் கைவிடக் கூடாது. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவ வேண்டும். நீர்நில வாழ்விகளிடமிருந்து சால்மோனெல்லா கிருமி மனிதருக்குத் தொற்றக்கூடும்.

நீர் கெட்டிருக்கிறதா என்பதைத் தலைப்பிரட்டைகளின் நடத்தையிலிருந்தே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம், எனினும் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக் கூடாது. பல இனங்களின் தலைப்பிரட்டைகளுக்குச் செவுளோடு நுரையீரலும் வளர்வதால், அவை அவ்வப்போது மேலே வந்து காற்றை எடுத்துக்கொண்டு திரும்புவது இயல்பே. மிகச் சிறியவற்றால் நீரின் மேற்பரப்பு இழுவிசையை உடைத்துக்கொண்டு வெளியே வர முடியாது; அவை மேற்பரப்பின் அடியில் வாயை ஒட்டி, ஒரு குமிழியை உறிஞ்சிப் பிரித்து, அதிலிருந்து மூச்செடுக்கின்றன. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. கூர்ந்து பார்த்தால் சிறிய தொட்டியிலேயே இதைக் காணலாம். அஞ்ச வேண்டியது வேறொரு காட்சிக்கு: எல்லாம் ஒருசேர மேற்பரப்பிலேயே தங்கி, வாயைத் திறந்து மூடிக்கொண்டு, தொட்டாலும் விலகாமல் சோர்ந்து கிடந்தால், அப்போதே நீரின் ஒரு பகுதியை மாற்றிவிட வேண்டும்.

இனி உணவு. முட்டையிலிருந்து வெளிவந்ததும் அவை வாய்க்கு அருகிலுள்ள பசையுள்ள உறுப்பால் செடியிலோ முட்டைக் கூழிலோ ஒட்டிக்கொண்டு, அசையாமல் சில நாட்கள் கிடக்கும். வயிற்றில் எஞ்சியிருக்கும் மஞ்சள் கருவே அப்போது அவற்றுக்குப் போதும். அந்த நாட்களில் போடும் உணவு அனைத்தும் வீண். சுறுசுறுப்பாக நீந்தத் தொடங்கிய பிறகு அவற்றின் வாயைக் கவனித்தால், எப்படிப்பட்ட உணவு வேண்டும் என்பது தெரிந்துவிடும். நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் அதே பொருளாலான அலகும், அதைச் சுற்றிச் சீப்பின் பற்களைப் போன்ற நுண்ணிய வரிசைகளும் அங்கே இருக்கின்றன. கடித்து விழுங்குவதற்குரிய வாய் அன்று அது; கல்லையும் இலையையும் சுரண்டி, அவற்றின் மேல் படிந்திருக்கும் பாசியை எடுப்பதற்குரிய வாய். வயிற்றின் மெல்லிய தோலினூடே சுருள் சுருளாகத் தெரியும் நீண்ட குடல், இந்தத் தாவர உணவை மெதுவாகச் செரிப்பதற்காக அமைந்தது.

ஆகவே மிகச் சிறந்த உணவு, எடுத்துவந்த அதே குளத்தில் பாசி படிந்து கிடக்கும் கற்களும், ஊறிய சருகுகளும்தான். வெளிச்சம் படும் இடத்தில் நீர் நிறைந்த வேறொரு பாத்திரத்தை வைத்துச் சில கற்களைப் போட்டுவைத்தால், பாசி தானே வளரும். முறைவைத்து அவற்றை மாற்றி மாற்றித் தொட்டியில் இடலாம். இது போதாதபோது, மருந்து தெளிக்கப்படாத லெட்யூஸ் போன்ற மென்மையான இலையைக் கொதிநீரில் சில நிமிடங்கள் வேகவைத்து, ஆறவிட்டு, சிறிது கிள்ளிப் போடலாம். வெந்த இலை மிருதுவாகி அடியில் தங்கும், சுரண்டுவதற்கும் எளிது. பசலைக்கீரையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அதில் ஆக்சலேட் என்னும் உப்பு மிகுதி. அதையே தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகத்தில் படிகங்கள் உண்டாகும். எப்போதாவது ஒரு முறை என்பதற்கு மேல் அதை நான் கொடுப்பதில்லை. ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசி கலந்த, அடியில் அமிழும் மீன் உணவு வில்லைகளை மிகச் சிறிய துண்டாகப் பயன்படுத்தலாம். ரொட்டி, சோறு, பால் கலந்த எதுவும் வேண்டாம். அவித்த முட்டையின் மஞ்சள் கரு சத்துள்ளதே என்றாலும், நீரைக் கெடுப்பதில் அதற்கு இணையானது எதுவுமில்லை.

அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும் அளவு மட்டும் போட வேண்டும். மறுநாள் மிச்சமிருந்தால் அதை உறிஞ்சுகுழாயால் எடுத்துவிட்டு, அன்றைய உணவைக் குறைக்க வேண்டும். அதே நேரத்தில், இவை முற்றிலும் சைவம் என்று எண்ணி இலையை மட்டுமே கொடுப்பதும் சரியன்று. பெரும்பாலான இனங்கள் கிடைத்தால் இறந்த பூச்சியையும், இறந்த தம் உடன்பிறப்பையும் தின்னும். வட அமெரிக்கப் பாலைநிலங்களில் மழைக்குட்டைகளில் பிறக்கும் ஸ்பேட்ஃபுட் தேரைகளில் ஒரு வகை, சிறிய இறால் போன்ற உயிர்களைத் தின்னக் கிடைத்தால், பெரிய தாடையும் குட்டையான குடலும் கொண்ட ஊனுண்ணி வடிவமாகவே வளர்ந்துவிடும். உணவு உடலின் அமைப்பையே மாற்றும் இந்தத் திறன் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. நம் தொட்டியைப் பொறுத்தவரை, வாரத்தில் ஓரிரு முறை சிறிதளவு புரதம் சேர்ந்தால் போதும்.

உருமாற்றத்தை நடத்துவது தைராய்டு சுரப்பு. 1912-இல் குடெர்நாச் என்ற அறிவியலாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தபோது, அவை வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, ஈ அளவேயுள்ள தவளைகளாக அவசரமாக மாறின. அந்தச் சுரப்பை உண்டாக்க அயோடின் தேவை. பாசியையும் பல வகை உணவையும் தின்பவற்றுக்கு அது தானாகவே கிடைத்துவிடும், தனியாக எதையும் நீரில் கலக்க வேண்டியதில்லை. விரைவில் தவளையாகிவிட வேண்டும் என்று அவசரப்படுத்துவதாலும் நன்மை இல்லை. 1973-இல் வில்பர், காலின்ஸ் ஆகிய இரு அறிவியலாளர்கள் முன்வைத்த கருத்தின்படி, ஒரு குறைந்தபட்ச அளவை எட்டிய பிறகு, நீரில் வளர்ச்சி நன்றாக நடந்தால் தலைப்பிரட்டை அங்கேயே தங்கிப் பெரிதாகும். வளர்ச்சி குன்றினால் கரையேறிவிடும். நீர்மட்டம் குறைந்துகொண்டே போனால், குட்டை வற்றுகிறது என்று அதன் உடல் உணர்ந்து, சிறியதாகவே உருமாறும் இனங்கள் பல உண்டு. சிறியதாகக் கரையேறும் தவளைக்குப் பிழைக்கும் வாய்ப்பும் குறைவு. ஆவியாகிப் போகும் நீரை அன்றாடம் ஈடுசெய்வதும், நேர்வெயில் படாமல் தொட்டியின் பாதியையாவது நிழலில் வைப்பதும் இதற்காகவே.

பின்கால்கள் வாலின் அடியில் மொட்டுகளாகத் தோன்றி, நம் கண்முன்னே மெதுவாக வளரும். முன்கால்கள் செவுளை மூடியிருக்கும் தோலுக்குள் மறைந்து வளர்ந்து, ஏறக்குறைய முழு உருவத்தோடு ஒரே நாளில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருகின்றன. முட்டை முதல் தவளை வரையிலான வளர்ச்சியைக் காஸ்னர் என்ற அறிவியலாளர் 1960-இல் 46 நிலைகளாக வகுத்தார்; அதில் இது 42-ஆம் நிலை. இங்கிருந்துதான் மிகுந்த கவனம் தேவை. வாயின் கெரட்டின் பகுதிகள் உதிர்ந்து வாய் அகலமாகிறது, குடல் சுருங்கி ஊனுண்ணியின் குடலாகிறது, செவுள்கள் மறைகின்றன. இத்தனையும் நடக்கும்போது அது எதையும் உண்ணாது. கரைந்துவரும் வாலே அதற்கு உணவு. சாப்பிடவில்லையே என்று கவலைப்பட்டு உணவு போடுவது இந்த நாட்களில் நீரைக் கெடுப்பதற்கு மட்டுமே உதவும். இப்போது தேவை கரை. கரையில்லாத தொட்டியில், நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கிவிட்ட இளம் தவளை நீரிலேயே மூழ்கி இறந்துவிடும். நீரைச் சில சென்டிமீட்டராகக் குறைத்து, ஒரு பக்கம் சொரசொரப்பான கல்லையோ மரத்துண்டையோ சரிவாக வைத்து, மேலே வலை கட்டிவிட வேண்டும். வழவழப்பான கண்ணாடிச் சுவரிலும் ஏறிவிடும் இனங்கள் இருக்கின்றன. முன்கால்கள் நூல்போல மெலிந்து, உடலைத் தாங்க இயலாமல் வெளிவரும் நோய் ஒன்று உண்டு. வளர்ப்பில் நேரும் சத்துக்குறைவு அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வெளிவந்த பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை என்பதால், உணவில் பல வகை இருக்க வேண்டும் என்று முன்னரே சொன்னேன்.

வால் முழுவதும் கரைந்ததும் கொண்டுபோய் விட்டுவிடுவதே சரி. இளம் தவளை அசையும் இரையை மட்டுமே பிடிக்கும். தன் வாய்க்குள் அடங்கும் மிகச் சிறிய பூச்சிகளை உயிரோடு, நாள்தோறும், போதிய அளவில் கொடுப்பது வீட்டில் பெரும்பாலோரால் இயலாத காரியம். விடும் இடம், எடுத்த அதே குட்டையின் கரையாக இருக்க வேண்டும். அருகில் அழகான வேறொரு குளம் இருந்தாலும் அங்கே விடக் கூடாது. 1999-இல் பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவருகிறது. அது தலைப்பிரட்டையின் வாயிலுள்ள கெரட்டின் பகுதியில் மட்டும் தங்கியிருப்பதால், பார்ப்பதற்குத் தலைப்பிரட்டை நலமாகவே இருக்கும்; உருமாறித் தோல் முழுவதும் கெரட்டின் பரவிய பிறகே நோய் வெளிப்படும். நலமாகத் தோன்றும் ஒன்றை வேறு நீருக்கு மாற்றுவது, அங்குள்ள அனைத்தையும் பணயம் வைப்பதாகும். வெவ்வேறு குளங்களில் எடுத்தவற்றை ஒரே தொட்டியில் கலப்பதும், கடையில் வாங்கிய மீன்களோடு வளர்ப்பதும் இதே காரணத்தால் கூடாது.

மேகமூட்டமான நாளிலோ அந்தி நேரத்திலோ, ஈரமான புல்லும் சருகும் உள்ள கரையில் விட்டுவிட்டு வரலாம். தொட்டியில் எஞ்சிய நீரைச் சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்றாமல், நீர்நிலைகளுக்குத் தொலைவிலுள்ள வறண்ட மண்ணில் கொட்ட வேண்டும். வலை, கற்கள், பாத்திரம் ஆகிய எல்லாவற்றையும் கழுவி, வெயிலில் முற்றிலும் உலரவிட வேண்டும். அந்தப் பூஞ்சை ஈரமின்றி உயிர்வாழாது. குட்டைக்குச் சென்றுவந்த காலணிகளையும் அவற்றோடு சேர்த்து உலர்த்திவிடுங்கள்.